ஈரத்தூளியின் ஒரு பவுண்டு

என் கடைக்கு வருகிற ஆண்கள் மீனைக் கைக்குழந்தைபோல நெஞ்சோடு அணைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். பெற்ற பிள்ளையை ஒருநாளாவது அப்படித் தூக்கினார்களா என்று அவர்கள் மனைவிமாரைத்தான் கேட்க வேண்டும். ஜெர்மனியிலிருந்தும் ஹாலந்திலிருந்தும் காரோடு கப்பலேறி வருவார்கள். அயர்லாந்தில் எங்கள் கவான் மாவட்டத்து மழையில் நாள் முழுக்க நனைந்து, பைக் என்கிற பெரிய ஏரிமீன் ஒன்றைப் பிடிப்பார்கள். அதற்கு ஒரு முத்தம் கொடுத்து ஏரியிலேயே விட்டுவிட்டு, என் கடையில் வந்து உட்கார்ந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். மதுக்கடைக்காரி எனக்கென்ன, பேசப் பேசத் தாகம் எடுக்கத்தானே செய்யும்.

கடை முதலில் என் அப்பாவுடையது. படகுத்துறைக்கு நேர் எதிரே இருக்கிறது. அப்பா ஒரு சட்டம் போட்டிருந்தார். நாற்பது பவுண்டைத் தாண்டிய மீனைப் பிடித்தவன் படம் கணப்புக்கு மேலே ஏறும். அதற்கு ஓர் அவுன்ஸ் குறைந்தாலும் கழிப்பறைக்குப் போகிற வழியில் உள்ள சுவர்தான். நாற்பது பவுண்டு என்றால் ஐந்து வயதுப் பிள்ளையின் எடை. வாத்து அலகு மாதிரி நீண்ட வாய், அதற்குள் வரிசை வரிசையாகப் பல், நீர்க்கோழிக் குஞ்சை முழுசாக விழுங்குகிற தொண்டை. ஆயுள் முழுக்கத் தூண்டில் போட்டாலும் அப்படி ஒன்றைக் கண்ணால் காணாமலே போய்ச் சேர்ந்தவர்கள்தான் இந்த ஏரிக்கரையில் அதிகம். அப்பா காலத்தில் கணப்புக்கு மேலே ஒரே ஒரு படம்தான் இருந்தது. அது ஃபின்டன் மெக்கவர்னுடையது.

ஃபின்டனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவனும் நானும் மாலக்கி பிரேடியும் ஒரே வகுப்பு. ஃபின்டன் எங்கள் ஊர் பால் சொசைட்டியில் எடை போடுகிறவனாக இருந்தான். காலையில் விவசாயிகள் டிராக்டரில் கேன்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள். கேனோடு தூக்கித் தராசில் வைத்து, கேனின் எடையைக் கழித்து, பாலின் எடையை உரக்கச் சொல்ல வேண்டும். "கேன் போக" என்று ஆரம்பித்துத்தான் எடையைச் சொல்வான். சொந்த அண்ணனின் பாலுக்குக்கூட ஒரு சொட்டு கூட்டிச் சொன்னதில்லை. அதனால் அண்ணி அவனைக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அவன் அதற்கும் கவலைப்படவில்லை, வீட்டில் தனியாகப் பன்றி இறைச்சியும் முட்டைக்கோஸும் வேகவைத்துச் சாப்பிட்டுக்கொண்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது நல்ல சட்டை போட்டுக் கடைக்கு வந்தால் மாலக்கி கத்துவான்:

"ஃபின்டன்! சட்டை போக இவன் என்ன தேறுவான், சொல்லுடா!"

ஃபின்டன் சிரிக்க மாட்டான். எதிராளியை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஓர் எண்ணைச் சொல்வான். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

மாலக்கி அதற்கு நேர் எதிர். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினான். அவன் கையை விரித்து மீன் அளவு காட்டினால் இரண்டு பக்கமும் இருப்பவர்கள் நகர்ந்து உட்கார வேண்டும். காலையில் தப்பிய மீன் மதியத்துக்குள் இரண்டு பங்காகிவிடும். ஊரில் யாரும் அவன் சொன்ன எடையைக் காதில் வாங்குவதில்லை. ஆனால் ஃபின்டன் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. மீனைக் கொல்லாமல் திருப்பி விடுகிற வழக்கம் எங்கள் கரைக்கு வந்த பிறகு, பிடித்தவன் கையில் மிஞ்சுவது ஒரு படமும் ஃபின்டன் சொன்ன எண்ணும்தான். மீன் ஏரியின் அடிக்குப் போய்விடும், அதைக் கூப்பிட்டு மறுபடி நிறுத்துப் பார்க்க முடியாது. அதனால் ஃபின்டனின் தராசில் ஏறாத மீனுக்கு என் அப்பா சுவரில் ஆணி அடிக்க மாட்டார்.

ஃபின்டன் தன் நாற்பதே கால் பவுண்டு மீனைப் பிடித்த அன்று படகில் கூட இருந்தவன் மாலக்கி. தராசு முள்ளைப் பார்த்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் குதித்து, கரையேறி, ஈரக் காலோடு கடைக்குள் என்னிடம் ஓடிவந்தான்.

"நோரீன்! எல்லாரையும் கூப்பிடு! நம்ம பய நாற்பதைத் தாண்டிட்டான்! என் ஃபின்டன் தாண்டிட்டான்!"

தான் பிடித்திருந்தால்கூட அவன் அவ்வளவு ஆடியிருப்பானா என்று தெரியாது. படத்தை மாட்ட ஆணி அடித்ததும் அவன்தான். இதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்ததன் வலி புரியாது.

அது நடந்து ஏழெட்டு வருஷம் கழித்து, எண்பத்தேழாம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் மாலக்கிக்கு மாட்டியது. பெண் மீன்கள் வயிறு நிறைய முட்டையோடு கரையோரம் வருகிற காலம் அது. நாணல் பக்கத்தில் படகை நிறுத்தி, செத்த மத்தி மீனை இரையாகக் கோத்துப் போட்டிருந்தார்கள். அன்று ஃபின்டன் துடுப்பில் இருந்தான். நான் கடை ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாலக்கியின் தூண்டில் கழி வில்லாக வளைந்ததையும், படகு தானாகச் சுற்றியதையும் அங்கிருந்தே பார்த்தேன். துறைக்கு ஓடினேன். அப்பாவும் வந்தார். டெட்லெஃப் என்று ஒரு ஜெர்மன்காரர், அந்த வருஷம்தான் முதன்முதலாக வந்திருந்தார், சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தவர் எல்லாவற்றையும் மழையில் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

மீன் கைவலைக்குள் முழுசாக அடங்கவில்லை. வால் வெளியே கிடந்தது. கரையில் ஈரப் புல்லின் மேல் கிடத்தினார்கள். பச்சை உடம்பில் மஞ்சள் புள்ளிகள், தட்டையான தலை, நம்மை எடைபோடுகிற மாதிரி ஒரு பார்வை. எனக்கு மீன் என்றால் வறுத்துத் தின்னத்தான் தெரியும், எனக்கே உடம்பு சிலிர்த்தது. டெட்லெஃப் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"எங்க ஊர்ல எங்க தாத்தா காலத்துப் படத்துல கூட இப்படி ஒண்ணு பார்த்ததில்லை. இது நிஜமா?" என்றார்.

"கிள்ளிப் பாருங்க. ஆனா வாய்ப் பக்கம் மட்டும் வேணாம்" என்றான் மாலக்கி. "ஃபின்டன், சீக்கிரம்டா. அவளுக்கு மூச்சு முட்டும்."

மாட்டுத்தீவனச் சாக்கை வெட்டித் தைத்த தூளி ஒன்று ஃபின்டனிடம் இருந்தது. மீனை அதில் படுக்கவைத்துத்தான் தராசில் தொங்கவிடுவான். உலர்ந்த சாக்கு மீனின் வழுவழுப்பை உரித்துவிடும் என்பதால் முதலில் அதைத் தண்ணீரில் முக்கி எடுத்தான். வெறும் தூளியைத் தராசுக் கொக்கியில் மாட்டினான். தராசின் தலையில் உள்ள திருகைப் பிடித்துத் திருப்பினான். அவன் விரல் அப்படித் திருகியதை நான் பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மீனைத் தூளியில் வைத்தார்கள். துடுப்பை மாலக்கி ஒரு தோளிலும் டெட்லெஃப் ஒரு தோளிலும் தாங்க, நடுவில் தராசு, அதன் கீழே மீன். ஃபின்டன் குனிந்து முள் அடங்கும்வரை பார்த்தான்.

"முள்ளு நாற்பதரையில நிக்குதேடா! எனக்கே தெரியுதே!" என்று மாலக்கி கத்தினான்.

ஃபின்டனின் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. கேன் போக.

"ஈரத்தூளி ஒரு பவுண்டு. அதைக் கழிக்கணும். முப்பத்தொன்பதரை" என்றான்.

தூளியின் எடையைக் கழிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, அதில் வாதாட எதுவும் இல்லை. மாலக்கி மீனைத் தூக்கி ஒரு படத்துக்கு நின்றான். பிறகு தண்ணீரில் இறங்கி அதன் வாலடியைப் பிடித்து, செவுள் ஒழுங்காகத் திறந்து மூடும்வரை காத்திருந்து விட்டுவிட்டான். அது அவசரப்படாமல் போனது. அது போன பிறகும் அவன் தண்ணீரிலேயே நின்றான்.

"அரைப் பவுண்டு" என்றான் கடைசியில். "காலையில ஒரு நீர்க்கோழிய முழுங்கிட்டு வந்திருக்கக் கூடாதா, பாவி மவ."

அன்று சாயங்காலம் கடையில் கூட்டம். மாலக்கி கழிப்பறைச் சுவரில் தன் படத்துக்கு இடம் தேடிக்கொண்டே எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

"இங்க மாட்டுங்க, கதவுக்கு நேரா. போறப்போ பாக்காதவன் வர்றப்போ நிம்மதியாப் பாப்பான்" என்றான்.

ஃபின்டன் தாமதமாக வந்தான். முகம் வெளுத்திருந்தது. குளிரில் நனைந்ததால் என்று நினைத்து நான் சூடாக விஸ்கி கலந்து கொடுத்தேன். கணப்புக்கு அருகே, தன் படத்துக்குக் கீழே உட்கார்ந்தான். வாயைத் திறந்தான், மூடினான். மாலக்கி வந்து அவன் தோளில் கை போட்டான்.

"எதுக்குடா இஞ்சி தின்ன மாதிரி உக்காந்திருக்க? மீன் இளைச்சதுக்கு நீ என்ன பண்ணுவ? உன் மீன்தான் பெரிசு, நீதான் ராஜா. குடி" என்றான்.

ஃபின்டன் குடித்தான்.

அதற்குப் பிறகு மாலக்கிக்கு ஊர் வைத்த பெயர் 'அரைப் பவுண்டு'. பேருந்தில் ஏறுகிற பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். எல்லோரையும் கேலி செய்து வளர்ந்தவன் என்பதால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. ஆனால் உள்ளே பற்றிக்கொண்டது. வருஷா வருஷம் குளிர்காலம் வந்தால் பேருந்தை நிறுத்திய கையோடு படகுக்கு ஓடுவான். சனி ஞாயிறு முழுக்க ஏரிதான். மனைவி அத்ராக்டா என்னிடம் வந்து அழுவாள்.

"நெஞ்சு சளியோட போறான் நோரீன். ஈரத் துணிய என் முகத்துல எறிஞ்சிட்டுத் தூங்குறான். தூக்கத்துலயும் நாற்பது நாற்பதுங்குறான். வேற ஒருத்தி பேரைச் சொன்னாலாவது சண்டை போடலாம்."

மகள் பாஸ்டனுக்குப் போனாள், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். அப்பாவையும் அம்மாவையும் வரச் சொல்லி ஒவ்வொரு வருஷமும் கூப்பிட்டாள். கல்யாணம் பிப்ரவரியில். "இந்த வருஷம் மட்டும் விட்டுடு, அடிச்சிட்டேன்னா மறுநாளே விமானம் ஏறிடறேன்" என்றான் மாலக்கி. அத்ராக்டா தனியாகப் போய் வந்தாள். பேரப்பிள்ளை பிறந்தபோதும் தனியாகத்தான் போனாள். இதற்கிடையில் எங்கிருந்தோ வரிபோட்ட சிப்பி ஒன்று வந்து ஏரியடி முழுக்க ஒட்டிக்கொண்டது. அது பாசியை வடிகட்டித் தின்று தீர்க்க, தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது, பெரிய மீன்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. முப்பது பவுண்டு மீன் வந்தாலே டெட்லெஃப் ஊருக்கெல்லாம் மது வாங்கிக் கொடுக்கிற நிலைமை ஆனது. மாலக்கி அப்போதும் போனான்.

அத்தனை வருஷமும் அவனுக்குத் துடுப்புப் போட்டவன் ஃபின்டன். தன் தூண்டிலை எண்பத்தேழோடு ஏறக்கட்டிவிட்டான். "உன் முறைதான்" என்று மாலக்கியிடம் சொல்லிவிட்டுத் துடுப்பில் உட்கார்ந்துவிடுவான். ஆலங்கட்டி மழையிலும் உட்கார்ந்திருப்பான். நட்பென்றால் இதுவல்லவா என்று ஊர் மெச்சியது. நானும் மெச்சினேன்.

பால் சொசைட்டி மூடப்பட்டது, அப்பா போனார், நாங்கள் எல்லோரும் கிழடானோம். போன குளிர்காலத்துக்கு முந்திய குளிர்காலத்தில் மாலக்கியின் நுரையீரல் கைவிட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன பொருள் என்று எங்கள் வயதில் யாருக்கும் விளக்க வேண்டாம். மறுநாள் கடை திறக்குமுன் ஃபின்டன் வந்தான். பழைய தராசு கையில் இருந்தது.

"நோரீன், என் படத்தைக் கழட்டிடு" என்றான்.

"ஏன், செத்துப்போகப் போறியா நீயும்?"

அவன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். ஈரத்தூளியை மாட்டி முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருகிவிட்டால் தூளியின் எடை அப்போதே கழிந்துவிடும். மறுபடி கழிக்கக் கூடாது. அன்று பதற்றத்தில் அவன் விரல் ஒருமுறை கழித்தது, பால் கேன் பழக்கத்தில் வாய் இன்னொரு முறை கழித்தது. மாலக்கியின் மீன் நாற்பதரைதான். வீட்டுக்குப் போய்த் தராசைத் துடைத்து வெறுமனே தொங்கவிட்டபோது முள் பூஜ்யத்துக்கு ஒரு பவுண்டு கீழே நின்றிருக்கிறது. பார்த்ததுமே புரிந்துவிட்டதாம்.

"அன்னைக்கே தெரியுமா உனக்கு? இங்க வந்து கணப்பு முன்னாடி உக்காந்தியே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

அவன் சுவரைப் பார்த்தான். "என்கிட்ட இருந்ததே ரெண்டுதான் நோரீன். எடையில தப்பாதவன். நாற்பது தாண்டினவன். வாயைத் திறந்தா ரெண்டும் ஒரே நேரத்துல போயிடும். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். அப்புறம் அடுத்த வருஷம் அவனே இன்னொண்ணு பிடிச்சிடுவான், அதோட தீந்துடும்னு நினைச்சேன். அதுக்குத்தான் துடுப்பு போட்டேன். தினமும் வேண்டிக்கிட்டே போட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கண்ணாடிக் குவளையைத் தொட்டிக்குள் போட்டேன், அது உடைந்தது.

"அவன் மக கல்யாணத்துக்குப் போகலடா! பேரன் முகத்தைப் பாக்கல! கையில இருந்ததைத் தேடிக்கிட்டு நெஞ்சைக் கெடுத்துக்கிட்டான், நீ எதிர்ல உக்காந்து துடுப்பு போட்டியா? எழுந்திரு. இப்பவே போறோம். மூச்சு இருக்கறப்பவே அவன் காதுல போடு."

மாலக்கி படுக்கையில் தலையணைகளில் சாய்ந்திருந்தான். மூக்கில் குழாய். ஜன்னல் வழியாக ஏரி தெரிகிற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தாள் அத்ராக்டா. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க வாங்க. நோரீன், பாட்டில் கொண்டாந்தியா, இல்ல வெறும் பிரார்த்தனைதானா?"

"கொண்டாந்திருக்கேன். முதல்ல இவன் சொல்றதைக் கேளு" என்றேன்.

ஃபின்டனால் வெறும் வாயால் சொல்ல முடியவில்லை. அத்ராக்டாவிடம் ஒரு வாளி தண்ணீர் கேட்டான். பழைய தூளியைப் பைக்குள்ளிருந்து எடுத்து முக்கினான். தராசில் மாட்டி, முள் ஒரு பவுண்டைத் தொடுவதைக் காட்டினான். திருகினான், முள் பூஜ்யத்துக்கு வந்தது. தூளியைக் கழற்றினான், முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. தரையெல்லாம் தண்ணீர். மாலக்கி சர்க்கஸ் பார்க்கிற பையனாகக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் ரெண்டு தடவை கழிச்சிட்டேன் மாலக்கி. உன் மீன் நாற்பதரை. என்னுதை விடப் பெரிசு. எனக்கு அன்னைக்குச் சாயங்காலமே தெரியும். பொறாமைல மறைச்சிட்டேன். என்னை மன்னிச்சிடுடா."

மாலக்கியின் கண் நிறைந்தது. கையை நீட்டி ஃபின்டனின் ஈரக் கையைப் பிடித்தான்.

"டேய், நம்ம பாதிரியார் மீனுக்கு ரெண்டு அவுன்ஸ் கூட்டிச் சொல்லுடா, பெரிய மனுஷன் ஆசைப்படுறாருன்னு நான் கெஞ்சினேனே, ஞாபகம் இருக்கா? மாட்டேன்னுட்ட. அவரு ஒரு மாசம் உன் வணக்கத்தை வாங்கல. சொந்த அண்ணன் பாலுக்குக் கூட்டிச் சொல்லாதவன் நீ." மூச்சு வாங்கினான். "அந்த நீ, வாளி தூளியெல்லாம் தூக்கிட்டு வந்து, எனக்காக ஒரு பவுண்டு பொய் சொல்ற. உன் பேர்லயே பழி போட்டுக்கிட்டு. என் வாழ்க்கையில யாரும் எனக்கு இவ்வளவு பெரிய காரியம் பண்ணினதில்லடா."

"பொய் இல்லடா! சத்தியமா இல்ல!" ஃபின்டன் கட்டிலருகே மண்டியிட்டுவிட்டான். "நோரீன், நீ சொல்லு!"

"நான் பார்த்தேன் மாலக்கி. அவன் திருகினதை என் கண்ணால பார்த்தேன்" என்றேன்.

மாலக்கி என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினான். "நீயும் கூட்டா? நல்லாத்தான் ஒத்திகை பார்த்திருக்கீங்க."

ஃபின்டன் மறுபடி தூளியை முக்கினான், மறுபடி மாட்டினான், மறுபடி காட்டினான். அவன் காட்டக் காட்ட மாலக்கிக்கு அவன்மேல் பாசம்தான் கூடிக்கொண்டு போனது. கடைசியில் குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னான்:

"சரிடா, சரி. நாற்பதரை. நான் ஒத்துக்கறேன். ஆனா வெளிய எவன்கிட்டயும் சொல்லாத. உன் பேரு கெட்டுப் போயிடும்."

அத்ராக்டா ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அவளும் நம்பவில்லை. திரும்பி வந்து ஃபின்டனின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அவன் துடித்துப் போனான், அறைந்திருந்தால்கூட அப்படித் துடித்திருக்க மாட்டான்.

மாலக்கி அந்த வாரமே போய்விட்டான். மகள் பாஸ்டனிலிருந்து வந்தாள், மகனையும் கூட்டிக்கொண்டு. இருபது வயதுப் பையன், தாத்தாவை முதன்முதலாகப் பெட்டிக்குள் பார்த்தான். அடக்கம் முடிந்து எல்லோரும் கடைக்கு வந்தபோது ஃபின்டன் எழுந்து நின்றான். மாலக்கியின் மீன் நாற்பதரை என்றும், தான் தவறாக நிறுத்ததாகவும், தெரிந்தே மறைத்ததாகவும் சொன்னான். ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை. அவன் முடித்ததும் கடை முழுக்க எழுந்து நின்றது. கைதட்டினார்கள். சிலர் அழுதார்கள். செத்த நண்பனுக்காகத் தன் வாழ்நாள் நேர்மையையே பலி கொடுத்தான் பார் என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்து அவன் தோளைத் தட்டினார்கள். அவனை யாரும் ஒரு வசவுகூட வையவில்லை. அன்றைக்கு ஒரே ஒருவன் அவனைத் திட்டியிருந்தால் அவன் மனசு ஆறியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் மாலக்கியின் படத்தைக் கழிப்பறைச் சுவரிலிருந்து எடுத்துக் கணப்புக்கு மேலே மாட்டினேன். ஃபின்டனின் படத்துக்கு ஒரு சாண் உயரத்தில். அதையும் என் நல்ல மனசு என்கிறார்கள். நான் நடந்ததை நடந்தபடி சொன்னால், கடைக்காரி கதை நன்றாகவே சொல்கிறாள் என்று இன்னொரு கோப்பை கேட்கிறார்கள்.

இந்தப் பிப்ரவரியில் டெட்லெஃப் வந்திருந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது, தூண்டிலை மகன் தூக்கிக்கொண்டு வருகிறான். படத்தின் முன் நின்று, அன்று செய்த மாதிரியே தொப்பியைக் கழற்றினார். மூலையில் உட்கார்ந்திருந்த ஃபின்டனிடம் போனார்.

"அன்னைக்கு ஒரு பக்கம் தாங்கினது என் தோள்தான். என்ன கனம்! அது சரியா எவ்வளவு?" என்று கேட்டார்.

"நாற்பதரை" என்றான் ஃபின்டன். "நான்தான் தப்பா நிறுத்தேன். தெரிஞ்சே மறைச்சேன்."

டெட்லெஃப் கதையை முன்பே கேட்டிருந்தார் போலிருக்கிறது. ஃபின்டனின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்தினார்.

"உங்களை மாதிரி ஒரு சிநேகிதன் எனக்கு வாய்க்கல" என்றார்.

ஃபின்டன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, குவளையில் பாதியை அப்படியே விட்டுவிட்டுத் துறைக்குப் போனான். ராத்திரி பெய்த மழையில் மாலக்கியின் படகு நிறைந்து கிடந்தது. அதில் இறங்கி உட்கார்ந்து, ஒரு பழைய டப்பாவால் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டத் தொடங்கினான். மழை விடவில்லை.